பஸ்ஸில் ஏறாதவர் கணக்கு

புதிய பாலமொன்று கட்டப்பட்டால் அதனைத் திறந்துவைக்க அமைச்சர் வருவார். மேடையும் மாலையும் பத்திரிகைப் படமும் உடன்வரும். புதிய பஸ்கள் கப்பலில் வந்திறங்கினாலும் அவ்வாறே. ஆயின், ஒரு பஸ்ஸின் தேய்ந்த பிரேக்கை மாற்றுதற்கும், நைந்த தண்டவாளத்தைப் பெயர்த்து வேறு இடுதற்கும், ஒழுகும் எஞ்சினைக் கழற்றிப் பூட்டுதற்கும் விழா எடுத்தவர் எவருமிலர். நகரமொன்றின் போக்குவரத்து உயிரோடு இருப்பது விழாவில்லாத இந்த வேலைகளினாலேயாம். இவற்றுக்கான பணத்தை யார் கொடுக்கிறார், யார் கொடுத்தல் வேண்டும் என்ற கேள்வியை, இலக்கணமும் இலக்கியமும் கற்பித்துக் காலங்கழிக்கும் நாம் ஏன் தூக்கிக்கொண்டு திரிகிறோம் என நண்பர் சிலர் வியப்புறக்கூடும்.

கேள்வி எம்முடையதன்று, உயர்தர வகுப்பு மாணவியொருத்தியுடையது. கொழும்பில் நாம் கற்பிக்கும் பாடசாலையில் விவாதப் போட்டியொன்று நடந்தது. நகர பஸ் சேவையின் செலவைப் பயணிகள் ஏற்பதா, அரசாங்கம் ஏற்பதா என்பது பொருள். உண்டவன்தான் விலை கொடுக்கவேண்டும் என்றது ஒரு கட்சி. அரசாங்கம் தாயைப் போன்றது என்றது மறு கட்சி. உவமைகள் தாராளமாக வந்தன. கணக்கு மட்டும் வரவில்லை. சபையிலிருந்து கேள்வி கேட்கலாம் என்றபோது, பின்வரிசையிலிருந்து எழுந்த அந்தப் பிள்ளை, “சேர், பஸ்ல ஏறாதவங்களுக்கு பஸ்ஸால ஒரு லாபமும் இல்லையா?” என்று கேட்டாள். மணியடித்துவிட்டது. இரு கட்சியும் விடை கூறவில்லை. அவள் கிராண்ட்பாஸிலிருந்து நாள்தோறும் பஸ்ஸில் வருபவள் என்பதையும், மேடையில் நின்று வாதாடியோரிற் பலர் பாடசாலை வானில் வருபவர்கள் என்பதையும் இங்கே குறித்துவைத்தல் தகும்.

அக்கேள்விக்கு விடை தேடிச் சென்றபோது எம்மை அதிகநேரம் நிறுத்திவைத்தது நியூயோர்க் நகரத்தின் கதை. அதற்குக் காரணமுண்டு. முற்போக்காளர் எனத் தம்மைக் கூறிக்கொள்ளும் எம்போன்றோரின் நாவில் எப்பொழுதும் ஆயத்தமாயிருக்கும் ‘கட்டணத்தை உயர்த்தாதே’ என்ற சுலோகம், அந்நகரிலே அரை நூற்றாண்டுக்குச் சற்றுக் குறைந்த காலம் வெற்றியோடு கோலோச்சியது. வெற்றி பெற்ற சுலோகத்தின் பின்விளைவைக் காணும் வாய்ப்பு அடிக்கடி கிடைப்பதில்லை.

1904ஆம் ஆண்டு ஒக்டோபர் 27ஆம் திகதி நியூயோர்க்கின் நிலத்தடி ரயில் ஓடத்தொடங்கியது. கட்டணம் 5 சதம். நகரம் கடன் பத்திரங்கள் விற்றுச் சுரங்கத்தைக் கட்டிக்கொடுத்தது. தனியார் கம்பனி ரயிலை ஓட்டியது. பாதைகளைப் பெருக்குவதற்காக 1913இல் இரு கம்பனிகளுடன் செய்துகொள்ளப்பட்ட உடன்படிக்கைகளும் அந்த 5 சதத்தையே நீண்ட காலத்துக்கு நிலைநிறுத்தின. அடுத்த ஆண்டே உலகப் போர் மூண்டது. நிலக்கரி, உருக்கு, கூலி எல்லாம் ஏறின. ஐந்து சதத்தின் பெறுமதி ஏறத்தாழ அரைவாசியாயிற்று. கம்பனிகள் கட்டணத்தை உயர்த்த அனுமதி கேட்டன. 1918 முதல் 1925 வரை நகரபிதாவாயிருந்த ஜோன் ஹைலன், முன்னொருகால் புரூக்ளினில் ரயில் ஓட்டி, வேலையிலிருந்து நீக்கப்பட்டவர். கம்பனிகளின் மீது அவர் கொண்டிருந்த பகைக்குக் குறைவில்லை. ஐந்து சதம் மக்களின் சொத்து என்று அவர் முழங்கினார்; மக்கள் வாக்களித்தனர்.

அக்காலத்தில் அங்கு நாம் இருந்திருப்பின் நாமும் கைதட்டியிருப்போம். கம்பனிகள் அருளாளர்களல்லர். 1913இன் உடன்படிக்கைப்படி வருமானத்திலிருந்து கம்பனி தனக்குரிய இலாபத்தை முதலில் எடுத்துக்கொள்ளும். நகரம் தான் போட்ட கடனுக்கு வட்டி பெறுவது அதன் பின்னரே. மிச்சமிருந்தாற்றான் அதுவும். மக்களின் கோபம் நியாயமான கோபம். ஆயினும் நியாயமான கோபம் ரயிற் பெட்டியின் சக்கரத்தைத் திருத்துவதில்லை. வரவு நிலைத்து நிற்கச் செலவு மட்டும் ஏறும்போது, எவரும் உடனே கூக்குரலிடாத செலவு எதுவோ அதுதான் வெட்டப்படும். கூலியை வெட்டினால் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்வர். வட்டியை நிறுத்தினால் வங்கி வழக்குத் தொடுக்கும். தண்டவாளத்துக்கோ சங்கமும் இல்லை, வழக்கறிஞரும் இல்லை.

1932இல் கம்பனிகளுள் ஒன்று கடன் தீர்க்க வழியின்றி நீதிமன்றத்தின் பொறுப்பில் வீழ்ந்தது. 1940இல் நகரமே இரண்டையும் விலைக்கு வாங்கிற்று. தனியுடைமை பொதுவுடைமையாயிற்று என நாம் மகிழலாம். ஆனால் வாங்கப்பட்டது தேய்ந்த சொத்து. கட்டணம் 1948இல் 10 சதமாயிற்று. 1953இல் தனியானதொரு போக்குவரத்து அதிகாரசபை அமைக்கப்பட்டு, நாளாந்தம் ஓட்டும் செலவைக் கட்டண வரவிலிருந்தே அது ஈடுசெய்தல் வேண்டுமெனச் சட்டம் விதிக்கப்பட்டது. கட்டணமும் 15 சதமாயிற்று. நட்டம் கூடாது என்றது சட்டம். கட்டணம் கூடினால் வாக்குப் போகும் என்றனர் அரசியல்வாதிகள். இவ்விரண்டுக்கும் இடையில் நசுங்கியது பராமரிப்பு. ‘அடுத்த ஆண்டு பார்ப்போம்’ என்பது நிருவாகத்தின் நிரந்தரக் கொள்கையாயிற்று.

1975இல் நியூயோர்க் நகரம் வங்குரோத்தின் விளிம்புக்கு வந்தது. அதன்பின் நடந்தவற்றைப் படிக்கும்போது, உலகின் மிகப் பெரிய செல்வம் குவிந்த நகரத்தைப் பற்றித்தான் படிக்கிறோமா என்ற ஐயம் எழும். ரயில்கள் தடம்புரண்டன, பெட்டிகளில் தீப்பிடித்தது, கதவுகள் திறவா, திறந்தவை மூடா. தண்டவாளத்தின் நிலை கண்டு அஞ்சி, பல இடங்களில் ரயில்கள் ஊர்ந்து செல்லப் பணிக்கப்பட்டன. 1980களின் தொடக்கத்தில் பயணிகளின் தொகை முதல் உலகப் போர்க் காலத்துக்குப் பின் காணாத அளவுக்குத் தாழ்ந்தது. காரிருந்தோர் காரில் ஏறினர். இல்லாதோர் ரயிலிலேயே இருந்தனர். மலிவான கட்டணத்தால் யாரைக் காப்பாற்றப் புறப்பட்டோமோ, அவர்கள்தாம் இறுதிவரை அந்தப் பழுதுபட்ட பெட்டியில் நின்றவர்கள்.

அப்படியாயின் கட்டணம் உயர்தல் வேண்டும் என்பதுவோ எமது கட்சி? அன்று. எமது மாணவியின் கேள்விக்கு நியூயோர்க் விடைகூறத் தொடங்கியதே இந்தக் கட்டத்திற்றான். றிச்சர்ட் ராவிச் என்பவர் தலைமை வகித்த காலத்தில், 1981இல், மாநிலச் சட்டசபை ஒரு வரித்தொகுதியை நிறைவேற்றியது. விற்பனை வரியில் ஒரு சிறு பங்கும், எண்ணெய்க் கம்பனிகளின் வருமானத்தின் மீதான வரியும் போக்குவரத்துக்கென ஒதுக்கப்பட்டன. 1982 முதல் ஐந்தாண்டுத் திட்டங்களாகத் திருத்தவேலை தொடங்கியது. 2009இல் இன்னொருபடி மேலே சென்று, வேலைகொள்வோர் தாம் கொடுக்கும் மொத்தச் சம்பளத்தில் நூற்றுக்கு 0.34 வீதம் செலுத்தவேண்டுமென விதித்தனர். பெரிய நிறுவனங்களுக்கு அது 2023இல் 0.60 ஆக உயர்ந்தது. 2025 ஜனவரி 5ஆம் திகதி முதல், நெரிசல் மிகுந்த மன்ஹற்றன் பகுதிக்குட் பகலில் நுழையும் கார் ஒவ்வொன்றும் 9 டொலர் செலுத்தும் முறை வந்தது. அப்பணம் ரயிலையும் பஸ்ஸையும் புதுப்பிக்கும் கடனுக்குப் பிணையாகின்றது. அந்தக் காரோட்டி ரயிலில் ஏறாதவர். ரயில் ஓடாவிட்டால் அவருடைய கார் தெருவில் அசையாது என்பதனாலேயே அவர் கணக்கிற் சேர்க்கப்பட்டார்.

இடையில் 2017இல் மீண்டும் அவசரநிலை பிரகடனஞ் செய்யுமளவுக்கு அந்த ரயில்கள் சீர்குலைந்தன என்பதையும் மறைத்தலாகாது. வரி வழி திறந்தாலும் வெட்டும் பழக்கம் எளிதில் ஒழிவதில்லை.

ஏறாதவர் ஏன் செலுத்தவேண்டும் என்ற கேள்வி நீதிமன்றமேறிய நகரமும் உண்டு. 1981இல் இலண்டன் மாநகர சபையைத் தொழிற்கட்சி கைப்பற்றி, கென் லிவிங்ஸ்ரன் தலைமையில் கட்டணங்களை ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைத்தது. குறைந்த வரவை ஈடுசெய்யச் சோலைவரி உயர்த்தப்பட்டது. நியூயோர்க்கின் ஹைலன் செய்யாத வேலையை இலண்டன் செய்தது என்க. கட்டணத்தைக் குறைத்தவர்களே யார் செலுத்துவதென்றும் சொன்னார்கள். புறநகரான புரொம்லியின் சபை வழக்குத் தொடுத்தது. தமது எல்லைக்குள் நிலத்தடி ரயில் நிலையமொன்றேனும் இல்லாதபோது தம் மக்கள் ஏன் வரி கொடுக்கவேண்டுமென்பது அவர்களது முறைப்பாடு. அவ்வாண்டு டிசெம்பரில் பிரபுக்கள் சபையின் நீதியரசர்கள் அந்த ஏற்பாடு சட்டவிரோதமெனத் தீர்ப்பளித்தனர். அடுத்த மார்ச்சில் கட்டணங்கள் இருமடங்காயின. புரொம்லியிற் குடியிருந்து நகரத்துக் கந்தோர்களில் வேலைபார்த்தோர் எத்தனை பேர், அக்கந்தோர்களின் தரையைக் கூட்டுவோர் அதிகாலையில் எதிலேறி வந்தனர் என்பன எமக்கு எழும் கேள்விகள்.

பிரான்சிய தேசத்தில் இந்தக் கேள்விக்கு 1971இலேயே விடை கண்டனர். பாரிஸ் பிரதேசத்தில், ஒரு சிறு எண்ணிக்கைக்கு மேற்பட்ட ஊழியரை வைத்திருக்கும் வேலைகொள்வோர், சம்பளத் தொகையில் ஒரு வீதத்தைப் போக்குவரத்துக்குச் செலுத்தவேண்டுமென அவ்வாண்டு ஜூலையிற் சட்டமாயிற்று. இரண்டாண்டுகளில் அது வேறு பெருநகரங்களுக்கும் விரிந்தது. இன்று 11 பேரும் அதற்கு மேலும் உள்ள நிறுவனங்கள் செலுத்துகின்றன; பாரிஸ் நகரில் அவ்வீதம் 2024 முதல் 3.20. அப்பிரதேசத்தில் பயணிகளின் சீட்டுக் காசைக் காட்டிலும் இவ்வரியால் வரும் பணம் மிகுதி. இதற்கு மேலாக, ஊழியரின் மாதச் சீட்டு விலையில் அரைவாசியையும் முதலாளி கொடுத்தாகவேண்டும். இதனால் பாரிஸில் முதலாளித்துவம் வீழ்ந்துவிடவில்லை. தொழிலாளி ஆலை வாசலுக்கு வந்துசேர்வதற்கான செலவும் உற்பத்திச் செலவே என்பது மட்டும் அங்கு கணக்கேட்டில் ஏறிற்று. எஞ்சினுக்கு எண்ணெயிடும் செலவை மறுக்காத முதலாளி, எஞ்சினை இயக்குபவன் வந்துசேரும் செலவை மட்டும் அவனுடைய சட்டைப்பையிலேயே விட்டுவைப்பது என்ன பொருளாதாரம்?

இனி எமது நகரத்துக்கு வருவோம். கிராண்ட்பாஸிலிருந்து எமது மாணவி வரும் பாதையில் ஒருகாலத்தில் ட்ராம் ஓடியது. கோட்டையிலிருந்து ஒரு கிளை கிராண்ட்பாஸுக்கும் மற்றொன்று பொரளைக்கும் சென்றன. பிரித்தானியக் கம்பனியொன்றின் கையில் அது இருந்த காலத்தில், 1929இல், ஏ. ஈ. குணசிங்காவின் தலைமையில் ட்ராம் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தம் இந்நாட்டுத் தொழிலாளர் வரலாற்றில் அறியப்பட்ட ஒன்று. 1944இல் மாநகர சபை ட்ராமைத் தன் பொறுப்பில் எடுத்தது. 1953 முதல் மின்கம்பியில் ஓடும் டிரொலி பஸ்களையும் ஓட்டியது. 1960இல் ட்ராம் நின்றது. 1964இல் டிரொலி பஸ்ஸும் நின்றது. அத்தோடு, தன் மக்களின் போக்குவரத்தைத் தானே நடத்திய நகரம் என்ற நிலை கொழும்புக்கு இல்லாமற் போயிற்று. 1958 ஜனவரி முதலாந் திகதி தேசியமயமாகிய பஸ் சேவை மத்திய அரசின் கையிலிருந்தது. 1979இன் பின் தனியார் பஸ்களும் வந்தன. அந்தத் தேசியமயத்தை நாம் இன்றும் வரவேற்பவர்கள். ஆயினும் நகரத்தின் பஸ்ஸுக்கு நகரத்தின் செல்வத்திலிருந்து ஒரு பங்கு என்ற ஏற்பாடு அதனோடு வரவில்லை. மாநகர சபை கட்டிடங்களுக்குச் சோலைவரி அறவிடுகிறது; பஸ் தரிப்பிடத்துக்கு அருகிலிருக்கும் கடையின் பெறுமதி பஸ்ஸினால் உயர்கிறது; அந்த உயர்விலிருந்து பஸ்ஸுக்கு ஒரு சதமும் போய்ச்சேர்வதில்லை.

ஆகவே பாரம் இரு தோள்களிலேயே விழுகிறது: திறைசேரி, பயணி. தனியார் பஸ்ஸில் பயணியின் தோள் மட்டுமே. பெரும்பாலும் ஒரு பஸ்ஸோ இரண்டோ வைத்திருக்கும் சிறு உடைமையாளர் அவர். லீசிங் கட்டணம், டீசல், சாரதிக்கும் நடத்துநருக்கும் அன்றாட வரவிலிருந்து பங்கு, எல்லாம் அந்தக் கைப்பையிலிருந்தே வரவேண்டும். 2002இல் வகுக்கப்பட்ட கட்டணச் சூத்திரத்தில் ரயர், உதிரிப்பாகம், திருத்தவேலை எல்லாவற்றுக்கும் இடமுண்டு. காகிதத்தில் உள்ள பங்கு கராஜ் வரை வருகிறதா என்பதே வினா.

இதனை எமக்கு விளக்கியவர் பஸ் மெக்கானிக் ஒருவர். எமது மாணவனொருவனின் தந்தை. எங்கே வேலை செய்கிறார் என்பது இங்கு வேண்டுவதன்று. “ஒயில் மாத்தாட்டி இன்னைக்கு ஒண்ணும் நடக்காது சேர். நாளைக்கும் நடக்காது. ஆறு மாசம் கழிச்சு எஞ்சின் கையை விரிக்கும். அப்ப ஒயிலுக்குக் காசு தராதவரு வேற எடத்துக்கு மாறிப் போயிருப்பாரு” என்றார். பின்னர், ஓடாமல் நிற்கும் பஸ்ஸொன்றிலிருந்து பாகங்களைக் கழற்றி ஓடும் பஸ்களுக்குப் பூட்டும் வித்தையைப் பற்றிச் சொன்னார். பெருமையோடுதான் சொன்னார், கைவினைஞனின் பெருமை அது. வடக்கிற் பிறந்த எமக்கு அந்தப் பெருமை புதிதன்று. எரிபொருட் தடையிருந்த 1990களில் யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் வாகனங்களை ஓடவைத்தவர்களைச் சிறுவயதிற் கண்டவர்கள் நாம். ஆனால் முற்றுகைக் காலத்துச் சாமர்த்தியத்தை ஒரு தலைநகரத்தின் நிரந்தர நிதிக்கொள்கையாகக் கொள்ளலாகுமா?

2022ஆம் ஆண்டை வாசகர் மறந்திரார். ஆண்டின் தொடக்கத்தில் ஒரு லீற்றர் டீசல் 121 ரூபா. ஜூன் இறுதியில் 460. ஜனவரியில் 17 ரூபாவாயிருந்த குறைந்தபட்ச பஸ் கட்டணம் ஜூலை முதலாந் திகதி 40 ஆயிற்று. பின்னர் அது சிறிது சிறிதாகக் குறைக்கப்பட்டது உண்மையே. ஆனால் அந்த ஆறு மாதத்தில் எண்ணெய் விலையேற்றம் முழுவதும் யார் தலையில் இறங்கியது என்பதைப் பாருங்கள். கந்தோருக்கு ஆட்கள் வந்துசேர்ந்ததனால் பயனடைந்த வங்கியும் காப்புறுதிக் கம்பனியும் பஸ்ஸுக்கென ஒரு சதமேனும் செலுத்தவேண்டியிருந்ததா? வீட்டு வேலைக்குச் செல்லும் பெண்தான் செலுத்தினாள், ஒருநாளைக்கு இருதரம்.

பாடசாலைப் பிள்ளைகளின் சீசன் சீட்டு இதனோடு பின்னிக்கிடக்கும் இன்னொரு முடிச்சு. பிள்ளை கொடுப்பது விலையிற் சிறு பகுதி. மிகுதி திறைசேரியிலிருந்து வரவேண்டும். கொள்கையளவில் இதைவிடச் சிறந்த ஏற்பாடு வேறில்லை. நடைமுறையிலோ, நடத்துநரின் கைப்பையில் அன்று விழுவது எவ்வளவு என்பதைக் கொண்டே ஒரு பஸ்ஸின் ஓட்டம் மதிக்கப்படுகின்ற இடங்களில், சீசன் பிள்ளைகள் இருபதுபேர் நிற்கும் தரிப்பிடம் வெறுந்தரிப்பிடமே. காசு வேறு வழியில், வேறு காலத்தில் வருமென்பது சாரதிக்கு ஆறுதலாகாது. அவரை வைதுவிட்டு வகுப்புக்குள் நுழைவது எளிது. முதற்பாடத்துக்குப் பிந்திவரும் பிள்ளையின் பெயருக்கு எதிரே சிவப்புக் கோடிடுவதும் எளிது.

எமது பாடசாலையில் பொருளியல் கற்பிக்கும் நண்பர் நல்ல மார்க்சியவாதி. எம்மை எளிதில் விடமாட்டார். “முதலாளி அந்த வரியைத் தன் இலாபத்திலிருந்தா கொடுப்பான்? அடுத்த சம்பள உயர்வில் கழித்துக்கொள்வான்” என்கிறார். ஓரளவு உண்மை. ஆனால் இதே வாதம் ஊழியர் சேமலாப நிதிக்கும் பொருந்தும். அதற்காக அதனை ஒழிக்கச் சொல்வாரா அவர்? சேமலாப நிதிக்கு வேலைகொள்வோர் நூற்றுக்கு 12 செலுத்துகின்றனர். நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3. சம்பளப் பட்டியலிலிருந்து பணம் அறவிடும் இயந்திரம் இந்நாட்டில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. புதிதாய்க் கண்டுபிடிக்க ஒன்றுமில்லை. சிறிய கடைக்காரரை விடுத்து, மேல்மாகாணத்தின் பெரிய நிறுவனங்களிடம் ஒரு வீதத்துக்குக் குறைவாகவேனும் பெற்று, அதனை ரயரும் பிரேக்கும் எஞ்சினும் தவிர வேறெதற்கும் தொடமுடியாத நிதியாகப் பூட்டிவைக்கலாம். பூட்டு முக்கியம். பூட்டில்லாத நிதி தேர்தல் ஆண்டில் என்னவாகும் என்பதை நண்பருக்கு நாம் சொல்லவேண்டியதில்லை.

தொழிற்சங்கங்கள் இதனைக் கேட்குமா? கட்டண உயர்வுக்கு எதிராக நாளைக்கே ஊர்வலம் போகலாம், நாமும் போவோம். அந்த ஊர்வலத்தின் பதாகையில் இரண்டாவது வரியொன்று எழுதப்படவேண்டும், யாரிடம் வாங்குவது என்று. அவ்வரி இல்லாத பதாகையை நியூயோர்க் மக்கள் 44 ஆண்டுகள் பிடித்தனர்.

நிறுவனங்களுக்கு இது தாங்கமுடியாத பாரம் என்போர் எமது பாடசாலை வாயிலில் காலை ஆறரை மணிக்கு வந்து நிற்கட்டும். ஊழியரை ஏற்றிக்கொண்டு ‘ஸ்ராஃப் சேர்விஸ்’ வான்களும் பஸ்களும் வரிசையாய்ப் போகும். சிலவற்றை நிறுவனமே வாடகைக்கு அமர்த்தியிருக்கிறது. தன் ஆட்கள் நேரத்துக்கு வரவேண்டும் என்பதற்காக எவரும் சட்டமியற்றாமலே அது பணம் கொடுக்கிறது. ஆசனங்கள் பல வெறுமையாயிருக்கும். சீசன் சீட்டோடு நிற்கும் பிள்ளைகளைக் கடந்து அவை செல்லும். வழியில் எவரையும் ஏற்ற அவற்றுக்கு அனுமதியில்லை.